நாலாம் நம்பர் பிரஸ்

கேட் பூட்டியிருந்தது. சும்மா பூட்டு இல்லை. இரண்டு ஆள் உயர இரும்புக் கேட்டுக்குக் குறுக்கே சங்கிலியைச் சுற்றி, அதன்மேல் சிவப்புத் துணியில் மஞ்சள் எழுத்தில் ஏதோ எழுதிக் கட்டி, இரண்டு பக்கமும் கொடி நட்டு வைத்திருந்தார்கள். உள்ளே நீளநீளமாக ஷெட்டுகள். ஒன்றிலிருந்தும் சத்தம் வரவில்லை. பதினெட்டு வருஷமாகப் பிரஸ் மெஷின்களின் இடிச் சத்தத்துக்குள்ளேயே பிழைத்தவன் எட்வர்ட். சத்தமில்லாத ஃபேக்டரியைப் பார்க்க, எழவு வீட்டு வாசலில் நிற்பதுபோல இருந்தது அவனுக்கு. தோளில் மாட்டியிருந்த டூல் பையை அவன் இறக்கவே இல்லை. காவல் கூண்டிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து வந்து, கேட்டின் கம்பி இடுக்கு வழியாக ஒரு காகிதக் கொடியை நீட்டினார். வாங்கிக்கொண்டான். வாங்காமல் என்ன செய்வது.

கூட நின்ற பெண்ணின் பெயர் லின். மெஷின் விற்கிற கம்பெனிக்காரி, இருபத்தைந்து இருபத்தாறு வயசிருக்கும். காலையில் சீனாவின் நிங்போ ஏர்போர்ட்டில் அவன் பெயரை அட்டையில் எழுதிப் பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான். நேராக ஓட்டலுக்குப் போகலாம் என்றாள். இல்லை, ஃபேக்டரிக்குத்தான் போகணும் என்று இவன் பிடிவாதம் பிடித்தான். அவள் கையை விரித்து விரித்து எதையோ சொல்லிப் பார்த்து, முடியாமல், இதோ கூட்டிக்கொண்டு வந்து காட்டிவிட்டாள். இப்போது தன் போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துப் பேசினாள். போன் தமிழில் சொன்னது:

"இன்று எங்கள் தேசத்தின் பிறந்த நாள். தொழிற்சாலை எட்டு நாட்கள் மூடப்பட்டிருக்கும். தாங்கள் வருந்த வேண்டாம்."

செய்தி வாசிக்கிற குரல். எட்வர்ட் அந்தப் போனையே முறைத்தான்.

"இன்னாம்மா வெளாடறியா? மெஷின் பாக்கத்தான இத்தினி தூரம் வந்துகிறேன். மூடிக்கினா நான் யார போய்ப் பாக்கறது?"

போன் கொஞ்ச நேரம் சுற்றிச் சுற்றி யோசித்தது. பிறகு எதையோ காட்டியது. லின் அதைப் படித்துவிட்டு, புரியாமல் அவனைப் பார்த்தாள். கும்மிடிப்பூண்டித் தமிழ் அதற்கு எட்டவில்லை.

"மெஷின். ஐ செக் மெஷின்," என்றான்.

"நோ மெஷின். ஹாலிடே," என்றாள் லின். அப்புறம் எட்டு விரலைக் காட்டினாள்.

அந்த எட்டு விரலைப் பார்த்ததும் அவன் தேதியை எண்ணினான். அக்டோபர் ஒன்றாம் தேதியிலிருந்து எட்டாம் தேதி வரை. அவன் திரும்புகிற டிக்கெட் ஒன்பதாம் தேதிக்கு. ஆறாம் தேதி, திங்கட்கிழமை, சென்னையில் சோனியாவின் நஷ்டஈட்டு வழக்கு விசாரணை.

சோனியா யாரென்று சொல்லிவிட வேண்டும். எட்வர்ட் இருக்கிற அதே தெரு. அவள் அம்மா கன்னியம்மாவும் இவன் அம்மாவும் ஒரே வயலில் நடவு நட்டவர்கள். அந்த வயல் இருந்த இடத்தில்தான் இப்போது கம்பெனி லாரிகள் வரிசை கட்டி நிற்கின்றன. காருக்கு வேண்டிய தகட்டுச் சாமான் அடிக்கிற கம்பெனி அது. எட்வர்ட் அங்கே எலக்ட்ரீஷியன். சோனியா காண்டிராக்டில் சேர்ந்து, நாலாம் நம்பர் பிரஸ்ஸில் நின்றாள். கீழே தகட்டை வைத்து எடுக்க வேண்டும், மேலிருந்து அச்சு இறங்கி அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்கிவிடக் கூடாதே, அதற்காக மெஷினில் பக்கத்துக்கொன்றாக இரண்டு கம்பம் உண்டு. இந்தக் கம்பத்திலிருந்து அந்தக் கம்பத்துக்குக் கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் ஓடும். கை குறுக்கே போனால் வெளிச்சம் அறுபடும், சிவப்பு விளக்கு எரியும், அச்சு அப்படியே நின்றுவிடும். சென்சார் என்று பேர். கம்பெனியில் எல்லோரும் 'கண்ணு' என்றுதான் சொல்வார்கள்.

போன வருஷம் ஆயுத பூஜைக்கு மெஷின்களைக் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்தார்கள். கோயில் சர்ச் வித்தியாசமெல்லாம் அன்றைக்குக் கிடையாது, அவரவர் மெஷினுக்கு அவரவர் வைப்பார்கள். சோனியா, கழுத்தில் சிலுவை டாலர் ஆட, நாலாம் நம்பரைச் சுற்றி ஒரு இடம் விடாமல் பொட்டு வைத்தாள். கம்பத்தின் கண்ணாடி மேலேயும் வைத்தாள்.

"இன்னா சோனி, அதும் கண்ண மூடிட்ட?" என்று கேட்டுச் சிரித்தது எட்வர்ட்தான்.

"கண்ணுக்கு மை வெக்க மாட்டாங்களாண்ணா? அந்த மாரி," என்றாள்.

லீவு முடிந்து வந்தால் சிவப்பு விளக்கு அணையவில்லை. எட்வர்ட் கண்ணாடியைத் துடைத்தான். சந்தனத் தண்ணீர் ஓரத்து ரப்பர் வழியாக உள்ளே இறங்கிவிட்டிருந்தது. புதுசு வாங்கி மாட்ட வேண்டும், வர இரண்டு வாரம் ஆகும். மேனேஜர் அருணாச்சலம் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். "அதுவரைக்கும் ஒயர் போட்டு ஓட்டுப்பா. ரெண்டு வாரம்தான." எட்வர்ட் போட்டான். பேனலைத் திறந்து, ஒரு சாண்கூட இல்லாத நீல ஒயரை இரண்டு முனைக்கு நடுவில் முறுக்கினான். இனி கண்ணு பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மெஷினுக்கு ஒன்றுதான், பச்சை எரியும். மூன்று நிமிஷ வேலை. இரண்டு வாரம் போயிற்று, கண்ணு வரவில்லை. பதினேழாம் நாள் பகல் ஷிப்டில் சோனியாவின் வலது கையில் மூன்று விரல் போயின.

அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போன வண்டி கேட்டைத் தாண்டுவதற்குள் அருணாச்சலம் சொன்னார்: "அந்த ஒயர எடுத்துரு." எடுத்தான். மறுநாள் ஒரு பேப்பரில் கையெழுத்தும் போட்டான். சென்சார் நல்ல நிலையில் இருந்தது, ஆபரேட்டர் தானே அதன்மேல் குங்குமம் வைத்துக் கெடுத்து, மெஷின் ஓடும்போது அதைத் துடைக்கக் கையை விட்டாள் என்று எழுதியிருந்தது. படித்துவிட்டுத்தான் போட்டான். அதைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை. படிக்காமல் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை.

ஒரு வருஷம் கழித்து, சோனியாவே வந்து வாசலில் நின்றாள். உள்ளே வரவில்லை. "தப்பு எம்மேலன்னு எழுதிகிறாங்க. நீ ஒரே ஒரு வார்த்த வந்து சொல்லுண்ணா. ஒயரு இருந்துச்சுன்னு. அவ்ளோதான். வேற ஒன்னும் கேக்கல." வருகிறேன் என்றான். அதற்கு நாலாம் நாள் அருணாச்சலம் கூப்பிட்டு, "எட்வர்ட்டு, உனுக்கு சான்ஸ்பா. புது பிரஸ் வாங்கறோம், நீ போய்ப் பாத்துட்டு வா. ஃபாரின் ட்ரிப்பு," என்றார். அஞ்சாம் தேதிக்குள் வந்துவிடலாம் என்றார். எட்வர்ட்டின் மனைவி பிரின்சி மீஞ்சூரில் இருக்கிற தன் அக்கா வீட்டிலிருந்து சூட்கேஸ் இரவல் வாங்கி வந்தாள். தெருவில் எல்லோரும் வந்து பார்த்தார்கள். புது மெஷினில் கண்ணு சரியாக இருக்கிறதா என்று நாமே பார்த்து வாங்கினால் அடுத்து நிற்கிற பிள்ளைக்கு நல்லதுதானே என்று அவனும் மனசுக்குச் சொல்லிக்கொண்டான். டிக்கெட் ஏர்போர்ட் வாசலில்தான் போனுக்கு வந்தது. ஒன்பதாம் தேதி என்று போட்டிருந்தது. போன் பண்ணினால், "ட்ரையல் பாக்க ஒரு வாரம் ஆகும்பா, கம்முனு போயிட்டு வா," என்றார் அருணாச்சலம். கம்மென்று வந்தான்.

ஓட்டல் பதினோராம் மாடி. கண்ணாடி வழியாகப் பார்த்தால் தெரு முழுக்கச் சிவப்பு. கம்பத்துக்குக் கம்பம் கொடி, கடைக்குக் கடை கொடி, குழந்தைகள் கையில், சைக்கிள் கைப்பிடியில், நாய்க்குட்டியின் சட்டையில்கூடக் கொடி. சனம் பூராவும் குடும்பம் குடும்பமாக எங்கோ போய்க்கொண்டிருந்தது. எட்வர்ட் கட்டிலில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி எறிந்தான். அது சுவரில் பட்டு விழுந்தது. இன்னொன்றையும் எறிந்தான். வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை. அவன் சிம்மில் சிக்னலே இல்லை. கம்பெனி கொடுத்த சிம்மில் வெளிநாட்டுக் கால் போகவில்லை. மேனேஜர் அதற்குக்கூட ஏற்பாடு பண்ணியிருக்கிறாரா, இல்லை எல்லோருக்கும் இப்படித்தானா என்று தெரியவில்லை. ஒருவேளை அருணாச்சலத்துக்கும் லீவு என்று தெரியாமல் இருந்திருக்கலாம் என்று ஒரு மனசு சொன்னது. அந்த மனசு மேலேயும் அவனுக்குக் கோபம் வந்தது. பதினெட்டு வருஷமாக அதுதான் அவனை ஓட்டுகிறது.

மத்தியானம் லின் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தாள். அவள் முகமும் சரியில்லை. போன் சொன்னது: "தாங்கள் உணவு உண்டீர்களா? எனக்கும் கோபம் உள்ளது. நான் என் தாயின் இல்லத்திற்குச் செல்ல ரயில் சீட்டு வாங்கியிருந்தேன். உங்களைக் கவனித்துக்கொள்ளும்படி என் அதிகாரி கட்டளையிட்டார்."

எட்வர்ட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்த வேகத்தில் போய்விட்டது. பள்ளிக்கூடத்துத் தமிழ் புத்தகத்தை மனசில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக அந்தப் போனுக்குச் சொன்னான்:

"விடுமுறை என்று எங்கள் கம்பெனிக்கு நீங்கள் சொன்னீர்களா?"

இந்தத் தடவை போனுக்குப் புரிந்தது. லின் தலையை ஆட்டி, தேடி எடுத்து ஒரு மெயிலைக் காட்டினாள். ஆகஸ்ட் மாதமே எழுதியிருக்கிறார்கள். ஒன்று முதல் எட்டு வரை மூடல், அதற்கு முன்போ பின்போ வாருங்கள் என்று. அதற்கு அருணாச்சலத்தின் பதில் கீழே இருந்தது, இங்கிலீஷில். எட்வர்ட் விரல் வைத்து விரல் வைத்துப் படித்தான். பரவாயில்லை, எங்கள் ஆள் அந்தத் தேதியில்தான் வருவார், ஒன்பதாம் தேதி வரை ஊரைச் சுற்றிக் காட்டுங்கள், நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்று தடவை படித்தான். நாலாவது தடவை எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது. தப்பாக ஒன்றும் எழுதவில்லை பாருங்கள். நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறார். ஆட்டுக்குத் தழை காட்டி அந்தப் பக்கம் கூட்டிக்கொண்டு போகிறவனும் அதட்டியா கூப்பிடுகிறான்?

சாயங்காலம் லின் ஆற்றங்கரைக்குக் கூப்பிட்டாள். அறையில் இருந்தால் கண்ணாடியை உடைத்துவிடுவோம் என்று பயந்துதான் எட்வர்ட் கிளம்பினான். கரையில் நிற்க இடமில்லை. தகப்பன் தோளில் பிள்ளைகள், சக்கர நாற்காலியில் கிழவிகள், விளக்குக் கட்டிய படகுகள். எல்லோரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் அவன் முகத்தைப் பார்த்துச் சிரித்து, வேண்டாம் என்று சொல்வதற்குள் கன்னத்தில் ஒரு கொடி ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுப் போனாள். இத்தனை ஜனத்தில் ஒருவரும் அவனுக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. அவர்கள் நாள், அவர்கள் சந்தோஷம். அதுவே அவனை இன்னும் எரித்தது. ஒளித்துவைக்க அருணாச்சலம் எத்தனை நல்ல இடமாகப் பார்த்திருக்கிறார்.

அப்போது லின்னின் போன் ஒலித்தது. பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே அவனிடம் நீட்டினாள். "யுவர் பாஸ். ஃபெஸ்டிவல்," என்றாள்.

அருணாச்சலம் அவளுக்குத் தேசிய தின வாழ்த்து அனுப்பியிருந்தார். கூடவே, எங்களுக்கும் இன்றைக்குப் பண்டிகைதான் என்று ஒரு வீடியோ. ஆயுத பூஜை. காலையில் எடுத்தது. கழுவின தரை, வாழைக்கன்று, உடைத்த பூசணிக்காய். அருணாச்சலம் வேட்டியில் நின்று கற்பூரம் காட்டுகிறார். நாலாம் நம்பர் பிரஸ்ஸுக்குப் பெரிய சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். இந்தக் கம்பத்தில் ஒரு முனை, அந்தக் கம்பத்தில் ஒரு முனை, நடுவில் தொட்டில் மாதிரித் தொங்குகிறது. பூஜை முடிந்ததும் மெஷினை ஒரு அடி அடிக்கவிடுவது வழக்கம். மெஷினுக்கு முன்னால் பூமிகா நின்றாள். சோனியாவின் இடத்துக்கு வந்த பிள்ளை, பத்தொன்பது வயசு. தகட்டை உள்ளே வைத்தாள், பட்டனை அமுக்கினாள், அச்சு இறங்கி அடித்தது, எல்லோரும் கை தட்டினார்கள். இருபது செகண்டு வீடியோ.

லின்னுக்கு அதில் பூவும் புகையும் தெரிந்தது. எட்வர்ட்டுக்கு வேறொன்று தெரிந்தது. மாலை இரண்டு கண்ணுக்கும் நடுவில் தொங்குகிறது. வெளிச்சம் அறுபட்டிருக்க வேண்டும். சிவப்பு எரிந்திருக்க வேண்டும். மெஷின் அசைந்திருக்கவே கூடாது.

மறுபடி ஓட்டினான். மாலை தொங்குகிறது, பச்சை எரிகிறது, பூமிகா கையை உள்ளே விடுகிறாள். மறுபடி ஓட்டினான். அவன் எடுத்த ஒயரின் இடத்தில் வேறொரு ஒயர். யார் போட்டது? ஏன், அதற்குக்கூட எலக்ட்ரீஷியன் வேண்டியதில்லை. மூன்று நிமிஷ வேலை. அவன்தான் வழி காட்டிக் கொடுத்திருக்கிறான்.

"கால்," என்றான் லின்னிடம். "இண்டியா கால். ப்ளீஸ்."

அவள் எதையோ தட்டிவிட்டுக் கொடுத்தாள். தன் போனைப் பார்த்துப் பார்த்து நம்பரை அமுக்கினான். நாலைந்து தடவை அடித்தபிறகு எடுத்தாள்.

"யாரு?"

"சோனி, நான் எட்வர்ட்டு."

அவளுக்குப் பின்னால் கன்னியம்மா யாரையோ தண்ணீர் பிடிக்கச் சொல்வது கேட்டது.

"ஓ. சீனாவா? இன்னா, ஊரே சிரிக்கிற சத்தம் கேக்குது. கொடியெல்லாம் ஏத்தனாங்களாண்ணா? பிரின்சி அண்ணி சொன்னாங்க, ஒம்போதாந் தேதி தான் வரியாமே."

"மூடிக்கினுகிறாங்க சோனி. ஃபேக்டரியே இல்ல. தெரிஞ்சேதான் அனுப்பிகிறான்."

"இது எனுக்கு அன்னிக்கே தெரியும். லாயரம்மாக்கும் தெரியும். உனுக்குத்தான் ஃபிளைட்டு ஏறித் தெரிய வேண்டிருந்துச்சு."

அடித்த மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டான்.

"திட்டு. அப்பால இன்னும் திட்டு. இப்ப ஒன்னு கேளு. பூமிகா ஊட்டுக்குப் போ. நாளைக்கும் லீவுதான். லீவு முடிஞ்சி நாலாம் நம்பர்ல நிக்கக்கூடாதுன்னு சொல்லு. மறுபடியும் ஒயரு போட்டுகிறானுங்க."

"உனுக்கு எப்படித் தெரியும்?"

"பாத்தேன். வீடியோல மாலை தொங்குது, மெஷின் ஓடுது."

சோனியாவுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. "பாவி," என்றாள். யாரைச் சொன்னாள் என்று எட்வர்ட் கேட்கவில்லை.

"நான் இங்கருந்தே சொல்றேன் சோனி. வீடியோல. நான் ஒயரு போட்டது, எடுத்தது, பொய்க் கையெழுத்து போட்டது, எல்லாத்தையும். லாயரம்மா மெயில் சொல்லு."

"அது எடுபடுமோ என்னமோ. ஆளு வந்து நின்னாத்தான்னு சொல்லுவாங்க."

"டிக்கெட்டும் கேட்டுப் பாக்கறேன். கெடைக்கல்லன்னா இதாவது இருக்கட்டும்."

"ஊட்ல அண்ணிகிட்ட சொல்லிட்டியா? வேலை போயிடும்ணா."

அவள் பதிலுக்கு நிற்கவில்லை. மெயிலை எழுத்து எழுத்தாகச் சொன்னாள். இடது கையால் எழுதப் பழகிவிட்டாளாம், நடுவில் சும்மா அதையும் சொன்னாள்.

லின் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ப்ராப்ளம்?" என்றாள். எட்வர்ட் தன் வலது கையைத் தூக்கி மூன்று விரலை மடக்கிக் காட்டினான். "மை ஃப்ரெண்ட். மெஷின்." அப்புறம் அந்த வீடியோவைத் திறந்து, மாலையைத் தொட்டான், பச்சை விளக்கைத் தொட்டான், பூமிகாவின் கையைத் தொட்டான். பிரஸ் மெஷின் விற்கிறவள்தானே. அவள் முகத்திலிருந்த பண்டிகை இறங்கிப்போனது. மத்தியானம் காட்டிய அந்த மெயிலை அவளே எடுத்து வைத்து, இதுவும் வேண்டுமா என்பதுபோல அவனைப் பார்த்தாள். வேண்டும் என்று தலையாட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் ஆற்றைப் பார்த்தாள். பிறகு போனைத் திருப்பி, கேமராக் கண்ணாடியைச் சட்டைக் கைநுனியால் சுற்றிச் சுற்றித் துடைத்தாள். பிறகு இரண்டு கையாலும் அசையாமல் தூக்கிப் பிடித்தாள்.

எட்வர்ட் கரைக் கம்பியில் முதுகு சாய்த்து நின்றான். அப்போதுதான் கன்னத்து ஸ்டிக்கர் ஞாபகம் வந்தது. மூன்று விரலால் கிள்ளிப் பிய்த்துச் சட்டைப் பையில் போட்டான். கழுத்திலிருந்த கம்பெனி அடையாள அட்டையை எடுத்து, உறையிலிருந்து அட்டையை வெளியே இழுத்தான். அதற்குப் பின்னால் மடித்து வைத்திருந்தான், ஒரு வருஷமாக. பிரின்சிக்குக்கூடத் தெரியாது. முறுக்கின முனை முறுக்கினபடியே இருந்த நீல ஒயர்.

"எம்பேரு எட்வர்ட்டு," என்று ஆரம்பித்தான். "கும்மிடிப்பூண்டி. இந்த ஒயர நாலாம் நம்பர் பிரஸ்ல போட்டது நான்தான்."

அவன் பின்னால் வானத்தில் வாணவேடிக்கை வெளிச்சங்கள் ஏறின. கூட்டம் மொத்தமும் ஓவென்று மேலே பார்த்தது. லின் மட்டும் பார்க்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்து, ஒயரைத் திரும்ப உறைக்குள் போடப் போனான் எட்வர்ட். ஸ்டிக்கர் பசை விரலில் இருந்திருக்கிறது. விரித்தும் உதறியும் பார்த்தான். ஒயர் விழவில்லை. அந்த மூன்று விரலோடும் ஒட்டிக்கொண்டு, சிவப்பு வெளிச்சத்தில் ஒரு தடவையும் பச்சை வெளிச்சத்தில் ஒரு தடவையும் ஆடிக்கொண்டிருந்தது.